நானூற்றுப் பன்னிரண்டாம் நோயாளி

ரோசிலி சிஸ்டர் கேட்டது பன்னிரண்டு நாள் லீவு. அதைக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் எங்கள் கருணாதீரம் அறக்கட்டளையில் எதையும் அப்படிச் சட்டென்று கொடுத்துவிடும் பழக்கம் கிடையாது.

நான் அங்கே ஜீப் டிரைவர். செங்கோட்டையில் பிறந்து, மலையிறங்கி, கேரளத்து மீனச்சில் ஆற்றங்கரைக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மாடசாமி என்ற என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் நான் அண்ணாச்சி. காலை ஒன்பது மணிக்கு சிஸ்டரையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியவர்கள், வருடக்கணக்கில் படுக்கையாகக் கிடப்பவர்கள், இப்படி ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. புண் துடைப்பது, குழாய் மாற்றுவது, வலிக்கு மருந்து கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் ரோசிலி சிஸ்டர் ஒருவர்தான். அறக்கட்டளைக்கு நர்ஸ் ஒருவர், நிர்வாகக் குழுவில் பத்தொன்பது பேர்.

பதினோரு வீட்டிலும் டீ குடித்தாக வேண்டும். வேண்டாம் என்றால், நோயாளி இருக்கிற வீட்டுத் தம்ளரில் வாய் வைக்க இவர்களுக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்து ஒரு வீட்டம்மா மூன்று நாள் அழுதது எங்களுக்குத் தெரியும். அதனால் சிஸ்டர் பதினோரு டீயும் குடிப்பார். பல வீட்டில் நேந்திரம்பழத்தைப் பொரித்த பழம்பொரியும் உண்டு. நான் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் நாலைந்து வீட்டில் தப்பித்துவிடுவேன்.

கும்ப மாத, அதாவது நம் மாசி மாத, வெயிலில் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தபோது, அச்சாம்மா இறந்துபோன செய்தி போனில் வந்தது. நான்கு வருடம் வாரம் தவறாமல் நாங்கள் பார்த்த அம்மா. சிஸ்டர் போனை மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? அச்சாம்மச்சி போயிட்டாங்கன்னு கேட்டதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? செவ்வாக்கிழமை ஒரு டீ குறையும்னு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நாலு வருஷம் அவங்க முதுகைத் துடைச்சிருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. உள்ளுக்குள்ள தட்டிப் பாத்தா மரம் மாதிரி இருக்கு. பயமா இருக்கு அண்ணாச்சி. நான் கெட்டவளாயிட்டேனா?”

“தூங்கினா சரியாப் போயிடும் சிஸ்டர்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். பின்னால் நடந்த கூத்தை எல்லாம் வைத்துப் பார்த்தால், யாரும் சொன்னதில் உருப்படியான யோசனை அதுதான் என்று தோன்றுகிறது.

மறுநாள் அவர் லீவு விண்ணப்பத்தோடு செயலாளரிடம் போனார். எங்கள் செயலாளர் ஜனார்த்தனக் குறுப்பு, கல்வி இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பிடிக்காமல் மூன்றாம் நாளே எங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனிதர், முத்து முத்தான கையெழுத்து. மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன்.

“சிஸ்டரே, காரணம்னு இருக்கிற இடத்துல தூக்கம்னு எழுதியிருக்கே?”

“ஆமா சார். தூங்கணும்.”

“அது காரணத்துல சேராதே. காய்ச்சல், கல்யாணம், மரணம், குழந்தைக்குச் சர்ச்சுல மாமோதீசா. இந்த நாலுல ஒண்ணு நடந்திருக்கா?”

“எனக்குக் காய்ச்சல் இல்ல சார். ஆனா மனசு மரத்துப் போச்சு. யார் அழுதாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது.”

குறுப்பு சாரின் முகம் மலர்ந்தது. அலமாரியைத் திறந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார்.

“இது இரக்கச் சோர்வாக்கும். அடுத்தவங்க கஷ்டத்தைப் பாத்துப் பாத்து இரக்கம் தீர்ந்து போறது. எறணாகுளத்துத் தலைமை அலுவலகத்துலேருந்து திட்டம் வந்து ஏழு மாசமாச்சு. நம்ம ஜில்லாவுல ஒருத்தருக்கும் வரலையேன்னு நானே வருத்தத்துல இருந்தேன். நீங்கதான் முதல். சந்தோஷம்.”

“அப்போ லீவு?”

“மாத்து நர்ஸ்தான் நாலு வருஷமா கிடைக்கலையே. திட்டம் இருக்கும்போது லீவு எதுக்கு?” என்றார் அவர்.

திட்டத்தின் முதல் கட்டம் இனங்காணல். அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம். ‘சென்ற மாதம் பிறர் துன்பம் கண்டு உங்கள் நெஞ்சம் எப்போது உருகியது? அ. அடிக்கடி. ஆ. அவ்வப்போது. இ. அலுவலக நேரத்தில் மட்டும்.’ இந்த மாதிரி. சிஸ்டர் இரண்டு நாள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஜீப்பில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி எழுதினார். ஒரு பதில்கூடப் பொய் இல்லை. வளர்ந்தது முழுக்க கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில்.

குறுப்பு சார் படிவத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார். முகம் வாடிவிட்டது.

“சிஸ்டரே, அறுபத்து நாலுக்கும் பதில் எழுதிட்டீங்களே.”

“எழுதச் சொன்னீங்களே சார்.”

“சோர்வு இருக்கிறவங்களால முப்பதைத் தாண்ட முடியாதுன்னு வழிகாட்டியில போட்டிருக்கு. முழுசா எழுதினா சோர்வு இல்லைன்னு அர்த்தம். கையெழுத்து வேற இவ்வளவு சுத்தமா இருக்கு.”

“நான் வேணும்னா பாதியைக் கிழிச்சிடட்டுமா?”

“அரசாங்கப் படிவத்தைக் கிழிக்கிறதா?” அவர் பதறிப்போனார். அது அரசாங்கப் படிவம் இல்லை. ஆனால் முப்பத்து மூன்று வருடப் பழக்கம்.

சோர்வு உண்டா இல்லையா என்று உறுதி செய்ய, தினசரி மதிப்பெண் முறை வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும் அங்கே எவ்வளவு இரக்கம் ஏற்பட்டது என்று பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். சிஸ்டர் மூன்று, இரண்டு, மூன்று, ஒன்றரை என்று போட்டார். ஒரு வீட்டில் பாட்டுப் பாடுகிற கிளியைப் பார்த்ததற்கு நாலு. வார முடிவில் தாள் திரும்பி வந்தது. ‘ஏழுக்குக் குறைவாக இரக்கம் காட்டுவது அறக்கட்டளையின் தரத்துக்கு உகந்ததல்ல. திருத்தி அனுப்பவும்.’ சிஸ்டர் எல்லாவற்றையும் ஏழு ஆக்கினார். உடனே ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. ஒரே வாரத்தில் இரக்கம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதாகவும், திட்டம் வேலை செய்வதாகவும்.

“அண்ணாச்சி, எனக்குக் குணமாயிடுச்சாம்” என்று அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அன்று முதல் முறையாக எனக்குக் கோபம் வந்தது.

அடுத்தது திறப்பு விழா. வந்து ஏழெட்டு மாதம் ஆன திட்டமானாலும் முப்பது வருடமான பாலமானாலும் எங்கள் ஊரில் விளக்கேற்றித் திறக்காவிட்டால் அது இல்லாத மாதிரிதான். சோர்வுற்றவர் பயன் பெற வேண்டும் என்பதால் தேதியை சிஸ்டரின் ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். காலையில் சர்ச்சில் குர்பானை முடிந்து அவர் ஓட்டமாக வந்தார். நாற்காலி போட்டது அவர். பிரார்த்தனைப் பாட்டு பாடியது அவர். பாட வேறு யாருக்கும் குரல் சரியில்லை. மேடையில் இருந்த பதினான்கு பேருக்கும் பூங்கொத்து கொடுத்ததும் அவர்தான். பயனாளி கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று குறுப்பு சாருக்குத் தோன்றியிருந்தது.

வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, அப்புறம் வாழ்த்துரைகள் ஒன்பது. தலைவர் அவறாச்சன் முதலாளி பேசியது எனக்கு இன்னும் மனப்பாடம். ரப்பர் வியாபாரம், பெரிய கை, கணீரென்ற குரல்.

“பதினாறு வருஷமா நான் இந்த அறக்கட்டளைக்குத் தலைவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு இரக்கச் சோர்வு வந்திருக்கா? இல்ல. இரக்கம் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ இன்னிக்கும் அப்படியே புத்தம் புதுசா இருக்கு. எப்படின்னு கேப்பீங்க. நான் எந்த நோயாளியையும் நேர்ல போய்ப் பாக்கிறதில்ல. பாத்தா என் மனசு தாங்காது. அவ்வளவு இளகின மனசு. சிஸ்டர்மாரும் என்னை மாதிரி மனசைப் பத்திரமா வச்சுக்கணும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜில்லாவிலேயே முதலில் சோர்ந்தவர் என்ற பெருமைக்காக. அவர் அதைப் போர்த்திக்கொண்டே பழம்பொரிப் பொட்டலம் வினியோகித்தார்.

எறணாகுளத்திலிருந்து வந்த மனநல டாக்டர் ஐசக் தரகனுக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கிடைத்தது. சாப்பாட்டு வாசனை மேடை வரை வந்துவிட்டது. பாவம், அவர் விஷயம் தெரிந்தவர். “இதுக்கு மருந்து மூணுதான். ஓய்வு, ஓய்வு, ஓய்வு. அந்த சிஸ்டரை இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நன்றியுரையில் குறுப்பு சார், டாக்டரின் அரிய கருத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொள்வதாகவும், ஓய்வு என்ற தலைப்பில் அடுத்த மாதம் முழுநாள் கருத்தரங்கு நடத்தப்படும் என்றும் அறிவித்தார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் டாக்டர் போகும்போது ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரக்கச் சோர்வு, ரோசிலி ஜோசப், வயது நாற்பத்தாறு. டாக்டர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வந்துவிட்டால் எங்கள் அறக்கட்டளையில் அதற்கு ஒரே வழிதான். பதிவு செய்ய வேண்டும், எண் கொடுக்க வேண்டும், கோப்பு திறக்க வேண்டும், வாரம் ஒரு முறை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். குறுப்பு சார் அன்றே பதிவு செய்தார். நோயாளி எண் நானூற்றுப் பன்னிரண்டு. வியாழக்கிழமை, மாலை நாலு மணி.

வியாழக்கிழமை பதினோரு வீடும் முடிந்து திரும்பினோம். குறுப்பு சார் ஜீப்பருகே வந்து நின்றார். கூடவே தொண்டர்கள் இரண்டு பேர், படம் எடுக்க ஒருவர்.

“பன்னிரண்டாவது வீடு இருக்கு சிஸ்டரே. வண்டியில ஏறுங்க.”

“யார் வீடு சார்?”

“உங்க வீடு.”

“அப்போ நான் வீட்டுக்குப் போயிடட்டுமா? நீங்க பின்னால வாங்க.”

“நீங்க போயிட்டா எங்க கூட வர்றது யாரு? நர்ஸ் இல்லாம போனா அது நோயாளியைப் பாக்கப் போறது இல்ல, விருந்துக்குப் போறது. நம்ம சட்டத்துல நர்ஸ் இல்லாம கோப்பைத் தொடக் கூடாது.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜீப்பை எடுத்தேன்.

அவர் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில். கணவர் குவைத்தில், மகள் பெங்களூரில் படிக்கிறாள், வீடு பூட்டிக் கிடந்தது. சிஸ்டர் நர்ஸாக இறங்கி மணியை அடித்தார். குறுப்பு சார் அப்படித்தான் செய்யச் சொன்னார். யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

“வீட்டுல ஆளில்ல போலிருக்கே” என்றார் தொண்டர்களில் ஒருவர்.

சிஸ்டர் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தன் கையிலேயே சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக் காற்றடித்தார். குறுப்பு சார் கோப்பைத் திறந்து கேள்வியை வாசித்தார்.

“நோயாளிகிட்டக் கேளுங்க சிஸ்டரே, தூக்கம் எப்படின்னு.”

“நானே சொல்லிடட்டுமா சார், இல்ல கேட்டுட்டுச் சொல்லணுமா?”

“முறைப்படி கேட்டுட்டு.”

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “கேட்டேன் சார். தூக்கம் இல்லையாம்.”

“பசி?”

“டீ மட்டும்தானாம்.”

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய் ஐந்து பேருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். நோயாளி வீட்டு டீயை மறுக்கக் கூடாது என்று எல்லாரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம். குறுப்பு சார் இரண்டாவது டீயும் கேட்டார், நோயாளியின் மனம் குளிரட்டும் என்று. படம் எடுக்க வந்தவர், சிஸ்டர் தட்டோடு நிற்பதை எடுத்தார். பிறகு, நோயாளி படுத்திருந்தால்தான் பொருத்தமாக இருக்கும் என்று, அவரைப் படுக்க வைத்தும் ஒன்று எடுத்தார்.

“இனி கடைசிப் பத்தி மட்டும்தான்” என்று குறுப்பு சார் கோப்பை நீட்டினார். “நர்ஸின் பரிந்துரை. எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

இந்தப் பத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அறக்கட்டளைக்கு எத்தனை கிறுக்கு இருந்தாலும் இந்த ஒன்றில் நேர்மை உண்டு. நர்ஸ் அதில் எழுதினால் எழுதியதுதான். தண்ணீர் மெத்தை என்று எழுதினால் மறுநாள் காலை மெத்தை வரும். சாகப்போகிற ஒருவர் படகுப் போட்டி பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் எழுதினார், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பதினாறு வருடத்தில் ஒரு பரிந்துரையும் தட்டிக் கழிக்கப்படவில்லை என்பதை குறுப்பு சார் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்.

சிஸ்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அலமாரியில் கண்ணாடி. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என்ன நினைத்தார் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். “கண்ணு குழி விழுந்து, கழுத்தெலும்பு தெரிய ஒருத்தி உக்காந்திருந்தா அண்ணாச்சி. வேற வீட்டுல இப்படி ஒருத்தியைப் பாத்திருந்தா, அந்த வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு நல்லாத் திட்டியிருப்பேன், இப்படியா ஒரு பொம்பளையை விட்டு வச்சிருக்கீங்கன்னு. எனக்கு அவமேல பாவமா இருந்துச்சு.”

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். நின்று நின்று எழுதினார். முடித்து, நர்ஸ் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, நோயாளி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. குறுப்பு சார் வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

“நோயாளிக்குப் பன்னிரண்டு நாள் முழு ஓய்வு. பார்வையாளர், விழா, படிவம் எதுவும் கூடாது. பன்னிரண்டு நாளும் நர்ஸ் நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.”

கடைசி வரியை அவர் மறுபடி வாசித்தார்.

“சிஸ்டரே, நர்ஸ் இங்கேயே இருந்தா, மத்த நோயாளிகளை யார் பாப்பாங்க?”

“அதை இந்தக் கோப்புல எழுத இடமில்லையே சார்” என்றார் சிஸ்டர். குரலில் ஒரு துளி கேலியும் இல்லை. உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

குறுப்பு சார் முற்றத்துக்குப் போய்த் தலைவருக்குப் போன் போட்டார். அவறாச்சன் முதலாளியின் குரல் ஜீப் வரை கேட்டது.

“நர்ஸ் எழுதினதை மாத்தவா? பதினாறு வருஷமா மாத்தாததை? குறுப்பே, நாளைக்குப் பத்திரிகைக்காரன் வந்து கேட்டா என் மூஞ்சியை எங்க வச்சுக்குவேன்?”

“ஆனா லீவு கேட்டப்போ மாத்து நர்ஸ் கிடைக்காதுன்னு நாமதானே சொன்னோம்...”

“அது லீவு. இது கோப்பு. ஆளைத் தேடு.”

நாலு வருடமாகக் கிடைக்காத மாற்று நர்ஸ், பக்கத்துப் பஞ்சாயத்திலிருந்து மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஜீப்பருகே நின்றார். ஷீபா என்று பெயர். இத்தனை நாள் யாரும் தன்னைக் கேட்கவே இல்லை என்றார்.

பன்னிரண்டு நாளில் ரோசிலி சிஸ்டர் ஒன்பது நாள் தூங்கினார். ஒரு நாள் மகளோடு போனில் சண்டை போட்டார். மிச்சம் இரண்டு நாள் ஆற்றுப்படியில் உட்கார்ந்து மீன்காரர்களோடு பேச்சு. அறக்கட்டளை இதற்கிடையில் திட்டத்தின் மாபெரும் வெற்றி பற்றி மலர் ஒன்று வெளியிட்டது. அட்டையில், தட்டில் டீயோடு நிற்கிற சிஸ்டர்.

பதின்மூன்றாம் நாள் காலை அவர் ஜீப்பில் ஏறினார். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் வழியெல்லாம் கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குப் புரிந்தது. தூங்கியாகிவிட்டது, இப்போதும் உள்ளே மரமாகவே இருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

முதல் வீடு நாணப்பன். கள் இறக்கியவர், இப்போது தொண்டையில் புற்று. பேச்சு வராது என்றில்லை, ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் ஆகும். நான் ஜன்னலுக்கு வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் புண்ணைத் துடைத்தார், மருந்து வைத்தார். பிறகு பெட்டியை மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாணப்பன் சேட்டா, தொண்டை வலிக்குதுன்னு தெரியும். வேற எங்க வலிக்குது?”

சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. வெளியே ஒரு கோழி குறுக்கே போயிற்று, திரும்பி வந்தது. பிறகு நாணப்பன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார். மூத்த மகனோடு பேசி ஆறு வருடம் ஆகிறதாம். தப்பு தன்மேல்தானாம். சொல்லலாம் என்று பார்த்தால் இந்தத் தொண்டை விடவில்லையாம். இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

சிஸ்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து வழிந்து மோவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“அண்ணாச்சி, வருது” என்றார். “பாருங்க, வருது.”

“துடைக்காதீங்க சிஸ்டர்” என்றேன். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

நாணப்பன் எதுவும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகனின் போன் நம்பரைக் கேட்டார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. குறுப்பு சார்.

“அண்ணாச்சியே, ஒரு வீட்டுக்குப் பதினெட்டு நிமிஷம்னு புது முறை போட்டிருக்கோமே. ஒரு மணி நேரமா முதல் வீட்டுலேயே நிக்கிறீங்களாமே. அங்க சிஸ்டர் என்ன பண்றாங்க?”

ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார் என்று சொன்னால் அதற்கு அவரிடம் பத்தி கிடையாது. மறுபடி ஒரு படிவம் கிளம்பிவிடும்.

“சிஸ்டர் சும்மாதான் இருக்காங்க சார். வண்டிதான் சூடாகி நின்னு போச்சு” என்றேன்.

மறுமுனையில் குரல் குழைந்துவிட்டது.

“அடடா. பாவம், அதுவும் எவ்வளவுதான் ஓடும். ஒண்ணும் அவசரமில்ல அண்ணாச்சி. நல்லா ஆறட்டும். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, வற்புறுத்தாதீங்க.”

சரி சார் என்று சொல்லிவிட்டு, ஜீப்பை மாமர நிழலுக்குத் தள்ளி நிறுத்தினேன்.